தீமிதியை ஃபோனில் எடுக்க முடியுமா?

சிங்கப்பூர் உட்லண்ட்ஸில் இருக்கும் ஒரு தம்பி கேட்ட கேள்வி இது. தேசிய சேவை முடித்து இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கிறார். கையில் புது ஃபோன், அதற்கே ஏறக்குறைய இரண்டாயிரம் வெள்ளி ஆகியிருக்கிறது. கோயில் திருவிழா, நடன நிகழ்ச்சி, சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் என்று ஒழுங்காகப் படம் எடுத்துப் பழக ஆசை. "இப்ப வர்ற ஃபோனே போதும், தனியா கேமரா வாங்குறது வீண் செலவு" என்று நண்பர்கள் சொல்கிறார்களாம். அது உண்மையா என்று கேட்கிறார்.

தம்பி, நீங்கள் பட்டியல் போட்ட மூன்றையும் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். திருவிழா பாதி இரவில் நடக்கிறது. நடனம் மேடை விளக்கில் நடக்கிறது. கல்யாணத்தில் தாலி கட்டும் நேரம் சில நொடிதான், திரும்ப வராது. மூன்றிலும் வெளிச்சம் குறைவு, ஆட்கள் அசைகிறார்கள். ஃபோன் தடுமாறும் இடங்களாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்திருக்கிறீர்கள். அதனால் உங்களுக்கு என் பதில், கேமரா வாங்குங்கள். புதிதாக வேண்டாம், விலை உயர்ந்ததும் வேண்டாம். இதே கேள்வியை வேறு ஒருவர் கேட்டிருந்தால், இருக்கிற ஃபோனே போதும் என்று சொல்லியிருப்பேன்.

ஃபோனுக்கு உரிய மரியாதையை முதலில் கொடுத்துவிடுவோம். 2000-ஆம் ஆண்டின் கடைசியில் ஜப்பானில் ஷார்ப் நிறுவனம் கொண்டுவந்த கேமரா ஃபோன் 0.11 மெகாபிக்சல் படம்தான் எடுத்தது. பன்னிரண்டே வருடத்தில், 2012-இல், சாண்டி புயல் அமெரிக்கக் கரையைத் தாக்கியபோது புகைப்படக்காரர் பென் லோவி ஐஃபோனில் எடுத்த அலையின் படம் டைம் பத்திரிகையின் அட்டையில் வந்துவிட்டது. 2010-இல் உலகம் முழுக்க 12 கோடிக்கும் மேல் டிஜிட்டல் கேமராக்கள் விற்பனைக்குப் போயின. 2023-இல் அந்த எண்ணிக்கை 80 லட்சத்தைக்கூடத் தொடவில்லை. காணாமல் போனதில் பெரும்பகுதி, சட்டைப்பையில் போடும் சின்னக் கேமராக்கள். அவற்றின் வேலையை ஃபோன் முழுதாக எடுத்துக்கொண்டுவிட்டது, இன்னும் நன்றாகவே செய்கிறது.

காலை எட்டு மணிக்குத் தேக்கா சந்தையில் மீன் கடைக்காரரைப் படம் எடுக்க ஃபோனைவிட நல்ல கருவி இல்லை என்றே சொல்வேன். பெரிய கேமராவை உயர்த்தினால் மனிதர் விறைத்துப்போய் நிற்பார். ஃபோன் என்றால் அவர் பாட்டுக்கு வேலையைப் பார்ப்பார். படத்தின் தரத்திலும் குறை சொல்ல முடியாது. ஏ4 தாளில் அங்குலத்துக்கு 300 புள்ளி வீதம் அச்சிட ஏறக்குறைய 9 மெகாபிக்சல் போதும், ஃபோனின் சாதாரணப் படமே 12 மெகாபிக்சலாவது இருக்கும். வெளிச்சம் நன்றாக இருந்து, எதிரில் இருப்பது ஓடாமல் இருந்தால், அந்த ஏ4 தாளைப் பார்த்து எந்தக் கருவியில் எடுத்தது என்று சொல்வது எனக்கே கஷ்டம்.

சரி, அப்போது எங்கேதான் பிரிகிறது? சென்சாரில், அதாவது ஒளியை வாங்கிப் படமாக்கும் சில்லில். பழைய ஃபிலிம் அளவிலேயே சென்சார் வைத்திருக்கும் ஃபுல் ஃபிரேம் கேமராவில் அது 36-க்கு 24 மில்லிமீட்டர், அதாவது 864 சதுர மில்லிமீட்டர். விலை உயர்ந்த ஃபோன்களின் முதன்மைக் கேமராவில் இருப்பது பெரும்பாலும் 70 சதுர மில்லிமீட்டரை ஒட்டி, சுண்டுவிரல் நகம் அளவுதான். ஷட்டர் வேகம் என்பது ஒளியை உள்ளே விடும் நேரம்; எஃப் எண் என்பது லென்ஸ் எவ்வளவு திறக்கிறது என்ற கணக்கு, எண் குறைந்தால் திறப்பு பெரிது. ஒரே ஷட்டர் வேகத்தில், ஒரே எஃப் எண்ணில் எடுத்தால் ஃபுல் ஃபிரேம் சென்சார் 12 மடங்கு ஒளியை வாங்குகிறது. இந்தக் கணக்கில் ஒரு விஷயத்தை மறைக்கக் கூடாது. ஃபோன் லென்ஸ் எஃப் 1.8 அளவுக்குத் திறக்கும். கேமராவில் எஃப் 2.8 ஜூம் லென்ஸ் போட்டால் அந்த 12 மடங்கு ஐந்து மடங்காக இறங்கிவிடும். கேமராவோடு வாங்கும்போது வரும் சாதாரண கிட் லென்ஸைப் போட்டால் இன்னும் இறங்கும். பெரிய கேமரா வாங்கி கிட் லென்ஸோடு நிறுத்திக்கொண்டவர்கள் "என் ஃபோனே நல்லா எடுக்குது" என்று சொல்வதற்கு இதுதான் காரணம். அவர்கள் சொல்வது பொய்யில்லை.

ஷாவ்மி 2022-இல் '1 அங்குல' சென்சார் போட்ட ஃபோனைக் கொண்டுவந்தது. பேரில்தான் அங்குலம், உண்மையில் அது 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். மற்ற ஃபோன்களைவிடப் பெரியதுதான், ஆனாலும் ஃபுல் ஃபிரேமில் ஏழில் ஒரு பங்குதான். ஃபுல் ஃபிரேம் அளவுக்குச் சென்சார் பெரிதானால் லென்ஸும் தள்ளி நிற்க வேண்டும். முதுகில் அவ்வளவு பெரிய மேடு தள்ளிக்கொண்டிருக்கும் ஃபோனை பேண்ட் பையில் வைக்க முடியாது. மெலிதாகவும் வேண்டும், பெரிய சென்சாரும் வேண்டும் என்றால் ஒளியியல் ஒத்துக்கொள்ளாது.

இந்தக் குறையை ஃபோன் நிறுவனங்கள் ஈடுகட்டிய விதத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன். ஒரே படமாக எடுக்காமல், மின்னல் வேகத்தில் பல படங்களை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்தி, புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சலைச் சராசரி பண்ணிக் கரைத்துவிடுவது. கூகல் இதை 2013-இல் நெக்சஸ் 5-இல் ஆரம்பித்து, 2018-இல் பிக்சல் 3-இன் இரவு முறை வரை கொண்டுபோனது. மரீனா பே கட்டடங்களை ராத்திரியில் கையில் பிடித்தபடியே எடுக்க முடிவது இதனால்தான். கட்டடம் அசையாது. பத்துப் படம் எடுத்தாலும் பத்தும் அச்சாகப் பொருந்தும்.

பூக்குழி இறங்குகிறவர் அப்படி நிற்க மாட்டாரே.

தீபாவளிக்கு முன்னால் சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீமிதி நடக்கும்போது, பக்தர் தணலைக் கடக்க எடுத்துக்கொள்வது சில நொடிதான். தூக்கிய பாதம், அதில் ஒட்டித் தெறிக்கும் பொறி, ஈர மஞ்சள் வேட்டியின் மடிப்பு, தலைக்குமேல் குவித்த கை இதெல்லாம் உறைந்து நிற்க வேண்டும் என்றால் ஷட்டர் 1/500 நொடியாவது இருக்க வேண்டும். ஃபோன் அந்த வெளிச்சத்தில் தானாகத் தேர்ந்தெடுப்பது பெரும்பாலும் அதைவிட ரொம்ப மெதுவான வேகம். அப்படி எடுத்த பல படங்களைப் பொருத்தவும் பார்க்கிறது. பாதம் ஒவ்வொரு படத்திலும் ஒவ்வோர் இடத்தில் இருப்பதால் பொருந்தாத பகுதியைத் தள்ளிவிட்டு, மிச்சமிருக்கும் ஒற்றைப் படத்தின் இரைச்சலைத் தேய்த்து மறைக்கிறது. கடைசியில் கோபுரமும் கூட்டமும் தெளிவாக இருக்கும், நடுவில் மனிதர் மட்டும் ஈரத் துணியால் துடைத்த ஓவியம் மாதிரி இருப்பார். அதே இடத்தில் நின்று, கேமராவில் எஃப் 1.8 லென்ஸ் போட்டு, ஐஎஸ்ஓவை, அதாவது ஒளிக்கான உணர்திறனை, 6400-க்கோ 12800-க்கோ ஏற்றி எடுத்தால் படத்தில் புள்ளி தெரியும். தெரியட்டும். கால் விரல் ஐந்தும் இருக்கும்.

தைப்பூசத்திலும் இதே கதைதான். சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயிலுக்கு விடியும் முன்பே காவடிகள் நகர ஆரம்பித்துவிடும். மயிலிறகைக் கவனியுங்கள். காவடி எடுப்பவர் ஒரு அடி வைத்தாலும் இறகுகள் அத்தனையும் தனித்தனியாக நடுங்கும். பல படங்களைப் பொருத்தும் வித்தை இந்த நடுக்கத்தில் தோற்றுப்போகிறது, இறகின் கண்கள் பச்சைக் கூழாகிவிடுகின்றன. மேடையில் பரதநாட்டியம் எடுக்கும்போது இதையே அலபத்ம முத்திரையில் பார்க்கலாம். விரித்த விரல்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், சில சமயம் விரல் ஒன்று கூடுதலாகவும் முளைக்கும்.

இன்னொன்று, கூட்டத்தில் தள்ளி நிற்கும்போது 3x, 5x என்று அழுத்துவோம். ஃபோனில் தூரத்தில் இருப்பதை இழுத்துக் காட்டும் டெலிஃபோட்டோ லென்ஸுக்குப் பின்னால் இருக்கும் சென்சார் பெரும்பாலும் முதன்மை சென்சாரைவிடப் பல மடங்கு சின்னது. அதனால் இருட்டில் பல ஃபோன்கள் அந்த லென்ஸைத் தொடுவதே இல்லை. முதன்மைக் கேமராவின் படத்தை நடுவில் வெட்டிப் பெரிதாக்கி, 3x என்று கொடுத்துவிடும். இன்று ராத்திரி வீட்டு நடைபாதையில் நின்று சோதித்துப் பாருங்கள். 3x அழுத்திவிட்டு டெலிஃபோட்டோ லென்ஸை மட்டும் விரலால் மூடுங்கள். திரை கருக்கவில்லை என்றால், நீங்கள் பார்ப்பது வெட்டிய படம்.

திருவிழா விளக்கு வரிசைகளையும் சொல்ல வேண்டும். இங்கே மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், பல எல்இடி விளக்குகள் நொடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. கண்ணுக்குத் தெரியாது. ஃபோனின் மின்னணு ஷட்டர் சென்சாரை வரிவரியாகப் படிப்பதால், வேகத்தைக் கூட்டினால் படத்தில் கறுப்புப் பட்டைகள் விழும். கேமராவிலும் மின்னணு ஷட்டரைப் போட்டால் இதே தொல்லைதான். ஆனால் பெரும்பாலான கேமராக்களில் மெக்கானிக்கல் ஷட்டரும் இருக்கிறது, மினுக்கலைக் கவனித்து அதற்கேற்ற கணத்தில் திறக்கும் அமைப்பும் பல கேமராக்களில் இருக்கிறது.

இனி எனக்கு ரொம்ப முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். இருட்டும் அசைவும் தொழில்நுட்பக் கஷ்டங்கள், வருடா வருடம் குறைந்துகொண்டே வரும். நம் தோலின் நிறம் அப்படிப்பட்டதல்ல.

ஃபோன் ஒரு படத்தை உங்களிடம் கொடுப்பதற்குமுன் நூறு முடிவுகளை எடுத்துவிடுகிறது. எந்த நிழலைத் தூக்குவது, எந்த வெளிச்சத்தை அடக்குவது, முகம் எவ்வளவு பளிச்சென்று இருந்தால் "நன்றாக" இருக்கும் என்பதெல்லாம் எங்கோ யாரோ தீர்மானித்தவை. கறுத்த முகம் ஒன்றை ஒரு பக்கம் குத்துவிளக்கு வெளிச்சத்தில் உட்காரவைத்து எடுத்துப் பாருங்கள். கண்ணுக்கு அந்த முகத்தின் ஒரு பக்கம் செம்பு மாதிரி ஒளிரும், மறுபக்கம் ஆழ்ந்த கறுப்பாக இறங்கும். அந்த ஆழத்தில்தான் அந்த முகத்தின் அழகே இருக்கிறது. ஃபோன் பல சமயம் அந்த நிழலைக் குறை என்று நினைத்துத் தூக்கிவிடுகிறது. முகம் தட்டையாகிறது, கறுப்பு சாம்பல் பூக்கிறது. நெற்றியில் விபூதி மூன்று கோடாக இல்லாமல் வெள்ளைத் திட்டாகிறது. தோலின் நுண்துளைகளையும் சேர்த்து இரைச்சல் என்று துடைத்துவிடுகிறது. அழகுபடுத்தும் வசதி தெரியாமல் போட்டுக் கிடந்தால், கேட்காமலேயே ஒரு படி வெளுப்பாக்கியும் கொடுக்கும்.

இது இன்று நேற்று வந்ததில்லை. ஃபிலிம் காலத்தில் படம் கழுவி அச்சிடும் லேப்களில் நிறம் சரிபார்க்க 1950-களிலிருந்து கோடாக் அனுப்பிய அட்டையில் இருந்தது வெள்ளைக்காரப் பெண்ணின் முகம். ஷர்லி அட்டை என்று அதற்குப் பெயர். அவர் தோல் சரியாக வந்தால் எல்லாம் சரி. மற்றவர்கள் எப்படி வந்தாலும் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. டிஜிட்டலுக்கு வந்த பிறகும் இந்தக் கவலை தாமதமாகத்தான் பிறந்தது. கூகல் 2021-இல் பிக்சல் 6-உடன் 'ரியல் டோன்' என்று கறுத்த தோல்களுக்காகத் தனியாக வேலை செய்து வெளியிட்டது. வரவேற்கிறேன், முன்னைவிட நன்றாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முடிவு அவர்களுடையதுதான்.

கேமராவில் ரா கோப்பு எடுத்தால் அந்த முடிவு உங்கள் கைக்கு வந்துவிடும். சென்சார் வாங்கிய ஒளி மாற்றப்படாமல் அப்படியே அந்தக் கோப்பில் இருக்கும். நிழலை நிழலாகவே விடலாம். அம்மாவின் முகத்தை நீங்கள் எந்த நிறத்தில் பார்த்து வளர்ந்தீர்களோ அந்த நிறத்திலேயே அச்சிடலாம். ஃபோனிலும் ரா இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆப்பிளின் புரோரா 2020-இல் ஐஃபோன் 12 புரோவுடன் வந்தது, ஆனால் அது பல படங்களைக் கலந்து முடித்த பிறகு கிடைக்கும் கோப்பு. கலக்காத ஒற்றை ரா வேண்டும் என்றால் அதற்கென்று தனிச் செயலி போட வேண்டும், அப்போது அந்தச் சின்னச் சென்சாரின் இரைச்சல் முழுவதும் உங்கள் தலையில்தான். வெளிச்சம் இருக்கும்போது நல்ல பயிற்சி அது. கேமரா வாங்கும்வரை அதைச் செய்யுங்கள்.

பின்னணியை மங்கலாக்கிக் காட்டும் போர்ட்ரெய்ட் முறையையும் இதோடு சேர்த்தே சொல்லிவிடுகிறேன். 85 மில்லிமீட்டர் எஃப் 1.8 லென்ஸின் திறப்பு ஏறக்குறைய 47 மில்லிமீட்டர் அகலம். ஃபோன் லென்ஸின் திறப்பு 4 மில்லிமீட்டரை ஒட்டி. பின்னணி தானாக மங்குவது இந்த அகலத்தால். ஃபோன் மங்கலைக் கணக்குப் போட்டு வரைகிறது, அதற்கு ஆளின் ஓரத்தைக் கத்தரிக்க வேண்டும். நம் வீட்டுக் கல்யாணப் பெண்ணிடம் அந்தக் கத்தரி மாட்டிக்கொள்ளும். தலையில் சுற்றிய மல்லிகைச் சரம், காதோரம் பறக்கும் முடி, ஜிமிக்கிக்கும் கழுத்துக்கும் நடுவில் தெரியும் இடைவெளி எல்லாம் ஓரங்கள்தான். ஜிமிக்கியின் கீழ்முத்து பாதி கரைந்திருக்கும், இடைவெளியில் பின்னணி மங்காமல் அப்படியே நிற்கும். பட்டுச் சேலையின் ஜரிகையோ கூராக்குவதில் அதிகமாகப்போய் உப்புக்கல் தூவியது போலிருக்கும். சின்னத் திரையில் கண்ணில் படாது. ஆல்பத்தில் அச்சிட்டுப் பார்த்தால் நன்றாகத் தெரியும்.

2023 மார்ச்சில் ரெடிட்டில் ஒருவர் நிலாப் படத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி, கணினித் திரையில் போட்டு, இருட்டறையில் சாம்சுங் ஃபோனால் எடுத்துக் காட்டினார். மங்கலான மூலத்தில் இல்லாத பள்ளங்கள் ஃபோன் படத்தில் இருந்தன. நிலா என்று அடையாளம் கண்டு நுண்விவரத்தைக் கூட்டும் செயற்கை நுண்ணறிவு இருப்பதாக நிறுவனமும் விளக்கியது. நிலாவுக்குப் பரவாயில்லை, எல்லாருக்கும் ஒரே நிலாதான். திருவிழாவை ஆவணமாக எடுக்க நினைக்கும் ஒருவருக்கு, படத்தில் இருப்பது அங்கே இருந்ததா என்ற சந்தேகமே வரக் கூடாது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சுங்கை பூலோவில் மீன்கொத்தி எடுக்க வேண்டும் என்றால் 400 மில்லிமீட்டர் லென்ஸாவது வேண்டும், ஃபோனை மறந்துவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் கூரையில் அடித்துத் திருப்பும் ஃபிளாஷ் ஃபோனில் கிடையாது, அதிலிருப்பது டார்ச். காசு வாங்கிக்கொண்டு கல்யாணம் எடுப்பதானால் ஒரே நேரத்தில் இரண்டு மெமரி அட்டைகளில் பதியும் கேமரா இல்லாமல் போகாதீர்கள். வீடியோவில் நடந்துகொண்டே நடுங்காமல் எடுக்க ஃபோன் பல கேமராக்களைவிட மேல்.

கேமராவுக்கு நம் ஊரில் ஒரு தனிச் செலவு உண்டு. ஈரப்பதம். இங்கே அது பல நாள் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும். லென்ஸை அலமாரியில் துணிக்கு நடுவில் வைத்தால் உள்ளே பூஞ்சை பிடிக்கும். பிடித்துவிட்டால் லென்ஸைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும், ரொம்ப நாள் விட்டால் கண்ணாடியின் பூச்சையே தின்றுவிடும். 40 முதல் 50 சதவீதத்தில் வைத்திருக்கும் டிரை கேபினெட் ஒன்றைக் கேமராவோடு சேர்த்தே வாங்குங்கள். ஏர்கான் அறையிலிருந்து வெளியே வந்த உடனே லென்ஸ் முழுக்க நீராவி படியும். கேமராவைப் பையிலேயே மூடிவைத்துப் பத்து இருபது நிமிடம் வெளிச் சூட்டுக்குப் பழக விடுங்கள். எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி நேராகக் காவடி முன்னால் போய் நின்றால் முதல் கால் மணி நேரம் பனிப் படம்தான் கிடைக்கும்.

வாங்குவதற்குமுன் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். கேமராவும் லென்ஸும் நாள் கணக்கில் வாடகைக்குக் கொடுக்கும் கடைகள் இங்கே உண்டு. பிடித்திருந்தால் சிட்டி ஹால் எம்ஆர்டி பக்கம் பெனின்சுலாவில் பழைய கேமராக் கடைகளை ஒரு சுற்று சுற்றுங்கள், பழைய பொருள் வாங்கி விற்கும் கரோசெல் செயலியிலும் விலையைப் பாருங்கள். ஃபுல் ஃபிரேம்தான் வேண்டும் என்றில்லை. அதைவிடச் சின்ன ஏபிஎஸ்-சி சென்சாரே ஃபோனைவிட ஐந்து மடங்கு. ஐந்தாறு வருடம் பழைய பாடியே, அதாவது லென்ஸ் இல்லாத கேமராவே, போதும். மிச்சமாகும் காசை லென்ஸில் போடுங்கள். கிட் ஜூமைத் தவிர்த்து 35 அல்லது 50 மில்லிமீட்டரில் எஃப் 1.8 ஒன்று முதலில்.

பழைய லென்ஸ் வாங்கும்போது ஃபோன் டார்ச்சைப் போட்டு, பின்பக்கத்திலிருந்து சாய்வாக அடித்து, முன்பக்கத்தில் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி மெல்லிய இழை தெரிந்தால் பூஞ்சை, எவ்வளவு மலிவாகச் சொன்னாலும் விட்டுவிடுங்கள். அங்கங்கே தூசி இருந்தால் பரவாயில்லை, படத்தில் தெரியாது. அப்புறம், கடைக்காரரிடம் கேட்டு உங்கள் அட்டையைப் போட்டு ஐஎஸ்ஓ 6400-இல் கடையின் இருட்டு மூலையைப் பார்த்து நாலு படம் எடுத்துக்கொண்டு போய், வீட்டுக் கணினியில் நிதானமாகப் பாருங்கள். அந்தப் புள்ளிகள் உங்களுக்குச் சம்மதம் என்றால் மறுநாள் போய் வாங்கிக்கொள்ளலாம்.